சாணி அடுப்பும் அக்காவின் கடலைச் சட்டியும்

ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பம் இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் எதையும் வீணாக்கியதில்லை. உரச்சாக்கு முதலில் வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்காகும், கிழிந்தால் தரை விரிப்பாகும், அதுவும் நைந்தால் கோழிக்கூட்டுக்கு மறைப்பாகும். மீன் டின்னில் கறிவேப்பிலைக் கன்று வளரும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. இதைப் பெரிய குணம் என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. இல்லாத வீட்டில் வேறென்ன செய்வது? அதனால்தான், பூமியைக் காப்பாற்றுவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நடந்தது எல்லாம் அந்த வாயால்தான் நடந்தது. வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்து, விறகை மிச்சம் பிடியுங்கள், மரத்தை வெட்டாதீர்கள் என்று படம் காட்டினார்கள். நான் எழுந்து சிங்களத்திலேயே கேட்டேன். மிச்சம் பிடிக்க எங்களிடம் விறகு எங்கே இருக்கிறது, நாங்கள் பால் வெட்டி வளர்த்த மரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினீர்களா என்று. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வேனில் வந்த சிங்கள ஐயா, மாத்தயா என்போம், கோபப்படவில்லை. என் வீட்டுக் காம்பரா நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

நான் கேட்டது நிஜம். எஹலியகொடப் பக்கம் எங்களுடையது ரப்பர்த் தோட்டம். முன்பெல்லாம் கிழட்டு மரங்களைப் பிடுங்கினால் தடி தோட்டத்துக்கு, கொப்புகள் எங்களுக்கு. தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறிய பிறகு மலையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரன் வேர்வரை வழித்துக்கொண்டு போனான். கொப்புப் பொறுக்கப் போனால் காவல்காரன் துரத்தினான். கிடைத்த பச்சைக் குச்சியை வைத்து எரித்தோம். அது லேசில் பற்றாது. சிலிசிலி பிளாஸ்டிக் பையைக் கொளுத்தி வைப்போம், இல்லாவிட்டால் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைத் திருட்டுத்தனமாக உரித்து வந்து வைப்போம். கரும்புகை கிளம்பும். லயத்துச் சுவர்கள் கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் மூட்டினால் ஆறு காம்பராவிலும் கண் எரியும்.

பக்கத்துக் காம்பராவில் அக்கா இருந்தார். கூடப் பிறந்தவரில்லை, ஆனால் என் பிரசவம் மூன்றுக்கும் வெந்நீர் வைத்தவர் அவர்தான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் றக்வானப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்காவுக்கு இரண்டு சொத்து. ஒன்று, எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் கடலை அவித்துக் கொடுக்கும் உரிமை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அது அவர் கையில் இருந்தது, அதற்கென்று தனியாக ஒரு பித்தளைச் சட்டி வைத்திருந்தார். இன்னொன்று இருமல். அடுப்பு மூட்டினதும் தொடங்கும், அடுப்பு அணைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் அடங்கும். இரண்டு சொல்லுக்கு நடுவே நின்று மூச்சு வாங்குவார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்தைக் கொடுத்து, புகையில் நிற்காதே, நின்றால் மருந்து சும்மா என்று சொல்லிவிட்டார்கள். புகையில் நிற்காமல் சோறு எப்படி வேகும் என்று அவர்கள் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த மாத்தயா மறுபடி வந்தார். வாய் பேசினவள் வீட்டிலேயே மாதிரிக்கு ஒன்று கட்டப் போகிறோம் என்றார். மண்ணுக்குள் செங்கல்லால் ஒரு குழி. மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து ஒரு வாயில் ஊற்ற வேண்டும். உள்ளே புளித்து கேஸ் வரும், குழாய் வழியாக அடுப்புக்குப் போகும். மிஞ்சும் கூழ் மறுபக்கம் வழியும், அதைக் கத்தரிக்கும் கீரைக்கும் போடலாம். விறகு வேண்டாம், புகை இல்லை. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அக்காவின் நெஞ்சுதான். அதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

ஆனால் எங்களிடம் இருந்தது ஒரே மாடு. ஒரு மாட்டுச் சாணி காணாது என்றார் மாத்தயா. கக்கூஸையும் சேர்த்துவிட்டால் சரியாக வரும், எத்தனையோ இடத்தில் அப்படித்தான் செய்கிறோம் என்றார். புதிதாகக் கட்டின அந்தக் கக்கூஸ் எங்களுக்கும் அக்காவுக்கும் பொது. என் வீட்டுக்காரர்தான், நெருப்புக்கு ஏது தீட்டு, எரிஞ்சா எல்லாம் ஒண்ணுதான் என்று முடிவு செய்தார். கொத்தனார் பாஸ் வந்து குழாய் பதித்தபோது, அது என்ன பைப் என்று கேட்டவர்களுக்கு, மழைத் தண்ணீர் போகிற பைப் என்று நானே சொன்னேன். கேஸ் எதிலிருந்து வருகிறது என்றால், சாணி, வெறும் சாணி. சாணி என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? வாசலில் தெளிக்கிறோம், பிள்ளையார் பிடிக்கிறோம். எல்லாரும் சமாதானமானார்கள்.

முதல் தடவை அடுப்பைப் பற்றவைத்தபோது நீலமாக எரிந்தது. சட்டியின் அடி கறுக்கவில்லை. அக்கா வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். ஒரு கேத்தல் தண்ணீர் கொதித்து முடியும்வரை அவர் இருமவில்லை. நான் அவர் சட்டியைப் பிடுங்கிவந்து என் அடுப்பில் வைத்தேன். அன்றிலிருந்து அவருடைய சோறும் கறியும் என் அடுப்பில்தான் வெந்தன. விடியலில் நாங்கள் பால் வெட்டப் போனதும் சாணி கரைத்து ஊற்றுவதை அவரே எடுத்துக்கொண்டார். கூழை வாளியில் மொண்டு பின்னால் இருந்த பாத்திக்கு ஊற்றுவார். எங்கள் பசளிக்கீரை அந்த வருஷம் வேலிக்கு மேல் ஏறியது. இரண்டு மாதத்தில் அக்காவின் முகமே மாறியது. கோயில் படி பன்னிரண்டையும் நடுவில் உட்காராமல் ஏறினார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பித்தளைச் சட்டியோடு வந்தார். சாமி கடலையை இங்கேயே அவிச்சுக்கவா புள்ள என்று கேட்டார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அடுத்த காம்பராவில் யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள், புகை சுவருக்கு மேலால் வந்துகொண்டிருந்தது, அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். அவிங்கக்கா என்றேன். அவ்வளவுதான். அன்றைக்குக் கோயிலில் எனக்குக் கொடுத்த கடலையை நான் தின்னவில்லை, கோழிக்குப் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தின்றேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு அந்த நினைவே வரவில்லை. மனசாட்சியும் பழகிவிடுகிறது.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. எங்கள் அடுப்பைப் பார்க்க மற்றத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், என்னை அடுப்போடு நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கீழ் லயத்தில் ஒருத்தி இருந்தாள், என் வயதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் பால் நிறுக்கும் மடுவத்தில் தொடங்கிய பகை. குழாய் பதித்த பாஸ் அவள் தம்பியோடு குடிக்கிறவன். ஏதோ உளறியிருக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலிக்கரையில் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அக்கா பித்தளைச் சட்டியில் கடலையைக் கழுவிக்கொண்டிருந்தார். கீழ் லயத்துக்காரி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சில பேர் அடுப்பு சாணியில் எரிகிறதா வேறு எதிலாவது எரிகிறதா என்று அம்மனுக்குத்தான் வெளிச்சம் என்றாள். அக்கா நிமிர்ந்து, பதறாமல், வெறும் சாணிதான் தாயி, நான்தானே தினம் கரைத்து ஊத்துறேன் என்றார். அவள் விடவில்லை. வயசான காலத்தில் சாமி காரியத்தில் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேனோ என்னவோ. எனக்குக் கண்மண் தெரியவில்லை. குடத்தைக் கீழே போட்டேன்.

"ஆமாடி, கக்கூஸும்தான் அதுல போகுது. நாந்தான் போட்டேன். ஆறு மாசமா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கைய நீட்டி வாங்கித் தின்னியே, வயிறு வீங்கிச் செத்தா போயிட்ட?"

ஒருத்தி காறித் துப்பினாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கீழ் லயத்துக்காரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவின கடலையை அப்படியே மண்ணில் கவிழ்த்துவிட்டு, வெறும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினார். நடுவில் இரண்டு தடவை நின்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. என்னை ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நாள் யாரும் என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை, என் பிள்ளைகளைக் கிண்டல் செய்தார்கள், நானும் பதிலுக்கு ஏசினேன், சரியாகப் போயிற்று. கோயிலை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். கடலை அவிக்கும் உரிமையை மேல் லயத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்குத் தெரியாமல் நடந்தது, அவர் மேல் குற்றம் இல்லை என்று கோயில் தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னாராம். ஆனால் அந்தச் சட்டி இனிக் கோயிலுக்குள் வரக்கூடாது என்றும் சொன்னார்.

அக்கா மறுபடியும் தன் அடுப்பை மூட்டினார்.

நான் போய்க் கெஞ்சினேன். கக்கூஸ் குழாயை வெட்டிவிடுகிறேன், வெறும் சாணியில் எவ்வளவு எரிகிறதோ எரியட்டும், உங்கள் ஒரு நேரச் சோற்றுக்காவது வரும் என்றேன். வேணாம் புள்ள என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது சுலபம். அவர் சாதாரணமாகச் சொன்னார். என் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கேத்தலோடு கொண்டுபோய்க் கொடுத்தால், வைத்துவிட்டுப் போ என்பார். பிறகு பார்த்தால் அந்தத் தண்ணீர் வாசல் இஸ்தோப்புத் திண்ணை ஓரத்து ரோசாச் செடிக்குக் கீழே ஆவி பறக்கும். அந்தச் செடியும் பட்டுப்போயிற்று. குழாயை நான் வெட்டவில்லை. அவர் வரமாட்டார் என்றான பிறகு யாருக்காக வெட்டுவது என்று விட்டுவிட்டேன். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது.

மழைக்காலம் வந்தது. எங்கள் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பிடித்தால் விடாது. மழையென்றால் பால் வெட்டு இல்லை, எல்லாரும் காம்பராவுக்குள்ளேயே கிடப்போம். நனைந்த குச்சி எரியாமல் புகையும். என் பக்கத்தில் நீல நெருப்பில் பருப்பு வேகும், சுவருக்கு அந்தப் பக்கத்தில் அக்கா இருமுவார். ஒரு முழ அகலச் சுவர். நான் சட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன், அந்த இருமல் காதில் விழக்கூடாது என்று. என் வீட்டுக்காரர் ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

ஒரு காலையில் இருமல் கேட்கவில்லை. ஓடினேன். அடுப்பு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. தோட்டத்து லொறியில் போட்டு ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாட்டில் சண்டை நடந்த காலம், வழியில் ஆமிக்காரர்கள் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். அக்காவின் அட்டையைத் தேடி அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். அட்டையோடு நாலைந்து காய்ந்த கடலையும் இருந்தன.

மகளுக்குச் சொல்லி அனுப்பி அவள் மலைப்பாதையில் பஸ் மாறி வருவதற்குள் இரண்டு நாளாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் நான்தான் கூட இருந்தேன். ஆஸ்பத்திரி வாட்டில் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாம உங்களைச் சாமி குத்தத்துக்கு ஆளாக்கிட்டேன்க்கா என்று அழுதேன்.

"தெரியாமலா?" என்றார். "நான் என்ன குருடியா புள்ள? குழி வெட்டுன அன்னைக்கே பாத்தேன். அதுல பாதி என்னோடதுதானே."

சிரித்தார். அது இருமலாகி, நர்ஸ் வந்து முறைத்துவிட்டுப் போனாள்.

தெரிந்துகொண்டேவா சாமிக்கு அவித்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எனக்கு மூச்சு முட்டுறது அந்த ஆத்தாவுக்குத் தெரியும். அவ ஒண்ணும் கேக்கல. நீயும் சொல்லல, நானும் கேக்கல, நல்லாத்தானே இருந்துச்சு. நீ பீலிக்கரையில நின்னு கத்துன பொறகு நான் எப்புடி வருவேன்? வந்தா, தெரிஞ்சே செஞ்சவள்னு ஆயிரும்ல. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் புள்ள. என்னைய ஏசுனா ஏசிட்டுப் போறா."

அவருக்காகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்காக நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, பேசாமல் இருப்பது. அது மட்டும் என்னால் முடியவில்லை. என் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அடுத்த நாள் மகள் வந்தாள். அதற்கு மறுநாள் அக்கா போய்விட்டார்.

லயத்துக்குக் கொண்டுவந்தபோது மழை ஓய்ந்தபாடில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி பக்கத்துக் காம்பராவிலிருந்துதான் போக வேண்டும், அதுதான் முறை. பக்கத்துக் காம்பரா என்னுடையது. மற்றப் பக்கத்தில் இருந்தவர்களிடம் விறகு கேட்டேன். மழைத் தண்ணீரில் ஊறிச் சொதசொதவென்றிருந்த இரண்டு கட்டை எடுத்துக் காட்டினார்கள். லயம் முழுக்க அதே கதை. வாசலில் அறுபது எழுபது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள், பறை அடிக்கிறவர்கள் நெருப்பு இல்லாமல் தோலைக் காய வைக்க முடியாமல் நின்றார்கள். மகள் என்னைப் பார்த்து, ஏதாச்சும் சுடுதண்ணி குடுங்க சின்னம்மா என்றாள்.

உள்ளே போய்க் கேஸைத் திறந்தேன். பெரிய கேத்தலை வைத்தேன். தேயிலைச் சாயம், சீனி, இஞ்சி. முதல் கேத்தல் இறங்கினதும் அடுத்தது. என் வீட்டுக்காரர் தட்டில் வைத்து வெளியே கொண்டு போனார், இரண்டாவது தட்டை நானே கொண்டு போனேன். எங்கள் கூரையிலிருந்து புகை வரவில்லை என்பதை அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். கோயில் தலைவர் ஒரு கிளாஸை எடுத்தார். கூரையைப் பார்த்தார். குடித்தார்.

கீழ் லயத்துக்காரியும் வந்திருந்தாள். அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து மாரடித்து அழுதவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள். நான் தட்டை நீட்டினேன். அவள் எடுத்தாள், ஊதி ஊதிக் குடித்தாள், வெறும் கிளாஸை மறுபடி என் பக்கம் நீட்டினாள். எதில் கொதிக்க வைத்தாய் என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. உள்ளே அக்கா கிடந்தார், தலைமாட்டில் யாரோ அந்தப் பித்தளைச் சட்டியில் நெல்லை நிரப்பி விளக்கு வைத்திருந்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கிளாஸை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.